தடங்கல்: இல்லை

நவம்பர் 3, திங்கள்

என் பெயர் தாணுமாலயன். வயது ஐம்பது. தென்மாவட்டத் தனியார் பேருந்து உரிமையாளர் சங்கத்துக்காக இருக்கை முன்பதிவு இணையதளத்தையும் செயலியையும் நடத்தித் தரும் சிறிய நிறுவனமொன்றில், நாகர்கோவிலில், செயற்பாட்டு மேலாளராக இருக்கிறேன். அவ்விரண்டையும் இடைவிடாது கண்காணிப்பதற்குரிய மென்பொருள் கருவியொன்றைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு இன்று என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. தேர்வு எவ்வாறு நடந்தது என்று பின்னாளில் எவரேனும் கேட்டால் சான்றோடு விடை சொல்ல வேண்டும். அதன் பொருட்டே இக்குறிப்புகளைத் தொடங்குகிறேன். சொந்த உணர்ச்சிகளுக்கு இதில் இடமில்லை.

பின்னணி பின்வருமாறு. செப்டம்பரில், தீபாவளிப் பயணங்களுக்கு முன்பதிவு திறந்த அன்று எங்கள் தளம் உறைந்துபோயிற்று. சங்கச் செயலாளர் ஆறுமுகப்பெருமாள் அண்ணாச்சி இன்று திருநெல்வேலியிலிருந்து நேரில் வந்தார். நாற்காலியை மறுத்தார், காபியையும் மறுத்தார்.

"சார்வாள், தீவாளிக்கு டிக்கெட்டு தொறந்த அன்னைக்கு உங்க சைட்டு படுத்துக்கிட்டு. மெஷினுன்னா படுக்கத்தான் செய்யும், அதுல எனக்குக் கோவம் இல்ல. என் கவுன்டர்ல நின்ன ஒரு பொம்பளையாளு மூஞ்சிக்கு நேரா செல்லக் காட்டி, 'அண்ணாச்சி, உங்க சைட்டு செத்துப்போச்சு'ங்கா. எனக்கே அப்பத்தான் தெரியுது. உமக்குப் போன் போட்டா நீரு 'அப்படியா, பாக்கேன்'ங்கீரு."

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பொங்கலுக்கு இந்த மாசம் இருபத்தெட்டாம் தேதி தொறக்கோம். அன்னைக்கு ஏதாவது ஆச்சுன்னா, பயணி சொல்லி நான் தெரிஞ்சுக்கிடக் கூடாது. நீரு சொல்லித் தெரிஞ்சுக்கிடணும். இல்லேன்னா மெட்ராஸ்காரன் ஒருத்தன் ரெண்டு மாசமா என் வாசல்ல நிக்கான். அவன்ட்ட குடுத்துருவேன்."

சங்கம் ஒன்றே எங்கள் வாடிக்கையாளர். அது விலகினால் ஆறு பேருக்கும் வேலை இராது. எனக்கு எங்கேனும் ஓர் இடம் கிடைக்கக்கூடும். பொறியாளர் ஜெர்லின், நடக்க இயலாத தந்தையைப் பார்த்துக்கொள்வதற்காகப் பெங்களூரு வேலையை விட்டு ஊர் திரும்பியவர். இவ்வூரில் அவருக்கு இதே தரத்தில் இன்னொரு வேலை இல்லை.

செப்டம்பர் நிகழ்வுக்குப் பின், எங்கள் அலுவலகப் பணி விதிகளில் ஏழாவதை நான் இயற்றினேன் என்பதையும் பதிவு செய்கிறேன். தடங்கல் நேரும்போது பணியில் இருப்பவர், அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று, காரணத்தை வரிசைப்படி விளக்க வேண்டும். முதலில் விளக்கியவர், செப்டம்பரில் அன்று பணியில் இருந்த விபின். நாற்பது நிமிடங்கள் நின்றார். விதியின் பயன் உடனே தெரிந்தது. அன்று முதல் ஒவ்வொரு திங்களும் கூட்டக் குறிப்பின் முதல் வரி ஒன்றே: தடங்கல்: இல்லை.

வீட்டில் காலையில் மோட்டார் போட்டுத் தொட்டியை நிரப்பினேன். ஏழு ஆண்டுகளாக ஒரு பழுதும் இன்றி ஓடுகிறது. முறையாகப் பயன்படுத்தினால் எந்த இயந்திரமும் பிசகாது.

நவம்பர் 5, புதன்

தேர்வுக்கான அளவுகோல்களை எழுதி முடித்தேன். மொத்தம் பத்தொன்பது. ஒவ்வொன்றுக்கும் எடையும் வகுத்துள்ளேன். மூன்று கருவிகளை ஒரே காலத்தில் ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

முதற்கருவி வெளியிலிருந்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எங்கள் தளத்தின் முகப்பைத் தட்டிப் பார்க்கும். திறக்கவில்லை என்றால் அழைக்கும். இரண்டாம் கருவி அதையே நிமிடத்துக்கு ஒருமுறை செய்து, உலக வரைபடத்தில் வண்ண விளக்குகளாகக் காட்டும். மூன்றாம் கருவி எங்கள் சேவையகத்துக்குள்ளேயே அமர்ந்துகொள்ளும். எந்தப் பக்கம் தாமதிக்கிறது, எந்தக் கேள்விக்குத் தரவுத்தளம் திணறுகிறது என்று ஒன்று விடாமல் சொல்லும்.

இப்பெயர்களைக் குழுவினர் ஏற்கவில்லை. முதற்கருவியை வாட்ச்மேன் என்றும், இரண்டாவதை மாப்பிள்ளை என்றும், மூன்றாவதை மாமியார் என்றும் அழைக்கிறார்கள்.

"மாப்பிள்ள பாக்க நல்லாத்தான் இருக்காரு சார்," என்றார் ஜெர்லின். "ஆனா வருசா வருசம் சீர் கூடிக்கிட்டே போகும். பாத்துக்கிடுங்க."

"மாமியார்?"

"சோத்துல கல்லு கெடக்குன்னு சொல்லும். கல்லு இல்லேன்னா சோறு ஏன் கல்லு இல்லாம இருக்குன்னு கேக்கும்."

சேவையகப் பொறுப்பாளர் அஸ்லம் சிரித்தார். நான் நாற்காலியை இழுத்து ஜெர்லினின் திரையை நெருங்கியபோது, அதன் மூலையில் ஒரு செய்தி தோன்றி மறைந்தது: "ஐ.எஸ்.ஐ. வாறாரு, மூடு." ஐ.எஸ்.ஐ. என்பது யாரைக் குறிக்கிறது என்று விசாரிக்கவில்லை. கருவிகளின் மதிப்பீட்டுக்கு அது தொடர்பற்றது.

நவம்பர் 7, வெள்ளி

மூன்றும் நிறுவப்பட்டன. எச்சரிக்கை செல்ல வேண்டிய எண்களை ஜெர்லினே நிரப்பினார். மழை.

நவம்பர் 10, திங்கள்

கூட்டம். வழக்கம்போல் முதல் வரி: தடங்கல்: இல்லை.

ஆனால் மூன்று நாள் சோதனை அறிக்கை இதற்கு முரணாக உள்ளது. தளம் விழுந்ததாக வாட்ச்மேன் ஒருமுறை பதிந்திருக்கிறது. மாப்பிள்ளை இருமுறை. மாமியார் மூன்று முறை. ஐவரும் தடங்கல் இல்லை என்று என் முன்னிலையில் உறுதி கூறியிருக்கிறார்கள். ஆகவே பிழை கருவிகளிடம்தான். பன்னிரண்டாம் அளவுகோலின்படி, பொய்யெச்சரிக்கைக்காக மூன்றுக்கும் மதிப்பெண் குறைத்தேன். அதிகம் இழந்தது மாமியார்.

"மூணும் ஒண்ணுபோல பொய் சொல்லுமா சார்?" என்றார் ஜெர்லின்.

"மூணும் ஒரே மாதிரி பிழையான முறையில கட்டப்பட்டிருக்கலாம்," என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். அஸ்லம் பலமாக இருமினார். விபின் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் அனைவரும் வெந்நீர் அருந்துவது நல்லது என்று அறிவுறுத்திக் கூட்டத்தை முடித்தேன்.

நவம்பர் 12, புதன்

மாமியார் கருவியை விற்கும் நிறுவனத்துக்குப் பொய்யெச்சரிக்கைகள் குறித்துக் கடுமையாக எழுதியிருந்தேன். பணிவான மறுமொழி வந்தது. கூடவே வரைபடம் ஒன்று. ஒவ்வொரு வீழ்ச்சியும் சில நிமிடங்களில் நிமிர்கிறது; ஒவ்வொரு முறையும் நிமிர்வதற்குச் சற்று முன் சேவையகம் புதிதாகத் தொடங்கப்பட்டிருக்கிறது. தானே விழுந்து தானே எழும் இயந்திரத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை.

தொடர்பில்லாத ஒரு குறிப்பு. அஸ்லம் மிகுதியாகத் தேநீர் அருந்துகிறார். இன்று மட்டும் முற்பகலில் இருமுறை, "சாயா குடிச்சிட்டு வாறேன் சார்" என்று அவசரமாக எழுந்து போனார். வயிற்றுப்புண் வரும். சொல்ல வேண்டும்.

மாலையில் மாமியாரின் இன்றைய வரைபடத்தையும் பார்த்தேன். முற்பகலில் இரண்டு பள்ளங்கள். மாமியாரின் எச்சரிக்கைப் பட்டியலில் என் எண் இல்லை என்பதைக் கவனித்தேன். சேர்த்துக்கொண்டேன். அதை எவரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று விதி ஏதும் இல்லை.

நவம்பர் 14, வெள்ளி

பகல் உணவுக்குப் பின் என் தொலைபேசி ஒலித்தது. மாமியார். அதே நொடியில் இன்னும் மூன்று மேசைகளில் மூன்று தொலைபேசிகள் அதிர்ந்தன. எவரும் எவரையும் பார்க்கவில்லை. அஸ்லம் எழுந்தார்.

"சாயா குடிச்சிட்டு..."

"போயிட்டு வாங்க," என்றேன்.

கொஞ்சம் பொறுத்து நானும் இறங்கினேன். எங்கள் கட்டடத்தின் கீழேயே கடை. அஸ்லம் பெஞ்சில் உட்கார்ந்து, தொலைபேசியைத் தொடைமேல் வைத்து இரு கட்டைவிரல்களாலும் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாயா ஆடை படிந்து ஆறிக்கொண்டிருந்தது. என் நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார்.

"சார்... சாயா சொல்லட்டா?"

"நீங்க இதக் குடிக்கவே இல்லையே, அஸ்லம்."

கடைக்காரர் இடையில் புகுந்தார். "அவரு எப்பமுமே குடிக்கமாட்டாரு சார். வாங்குவாரு, போனத் தட்டுவாரு, காசக் குடுத்துட்டு ஓடுவாரு. நானே கேக்கணும்னு இருந்தேன், என் சாயா அவ்வளவு மோசமான்னு."

என் தொலைபேசி மீண்டும் ஒலித்தது. தளம் எழுந்துவிட்டதாக மாமியார் தெரிவித்தது. அஸ்லம் அந்த ஒலியைக் கேட்டார். என் கையைப் பார்த்தார். பெஞ்சில் எனக்கு இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"செப்டம்பர்லேர்ந்து சார். வாரத்துக்கு ஆறேழு தடவ தொங்கும். எங்களுக்குள்ள ஒரு குரூப் இருக்கு. யாரு கண்ணுல பட்டாலும் அதுல போடுவோம். நான் கீழ வந்து, சர்வர ஒரு தட்டு தட்டி எழுப்பி விட்டுருவேன்."

"ஆபீஸ்ல இருந்தே செய்யலாமே?"

"நீங்க பின்னால வந்து நிப்பீங்களே சார்."

மேலே சென்றோம். ஜெர்லின் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்த்ததும் விஷயம் அவருக்கு விளங்கிவிட்டது.

"மறைச்சீங்க," என்றேன்.

"மறைக்கல்ல சார். தாங்கிக்கிட்டோம்." அவர் குரல் உயர்ந்தது. "விபின் அன்னைக்கு நாப்பது நிமிசம் நின்னான். தப்பு அவன்மேல இல்ல. சைட்டு தொங்கும்போது அவன் நாற்காலியில இருந்தான், அவ்வளவுதான். மறுநாள் ராஜினாமா எழுதிட்டு வந்தான். நான்தான் கிழிச்சுப் போட்டேன். அதுக்கு அப்புறம் யாரு சார் சொல்லுவா? திங்கக்கிழம நீங்க 'தடங்கல்?'னு கேக்கீங்க. நாங்க 'இல்ல'ங்கோம். நீங்க எவ்வளவு சந்தோசமா எழுதுதீங்க தெரியுமா?"

விபின் இயர்போனை மாட்டியிருந்தார். அது எதனோடும் இணைக்கப்பட்டிருக்கவில்லை.

நவம்பர் 15, சனி

ஒழுங்கு நடவடிக்கைக்கான வரைவு ஒன்று எழுதினேன். அனுப்பவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் மோட்டாரைப் போட்டுவிட்டு, அதன் அருகே நெடுநேரம் நின்றிருக்கிறேன் போலும். என் மனைவி பகவதி கையில் காய்கறிக் கூடையோடு வந்து நின்றாள்.

"என்ன, மோட்டாருக்கு ஆடிட்டா?"

"ஏழு வருஷமா ஒரு ரிப்பேர் கிடையாது. அது எப்படின்னு யோசிக்கிறேன்," என்றேன்.

அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நீண்டது.

"இந்த மோட்டாரா? இதுக்கு ரெண்டு தடவ காயில் கருகிப் புதுசா கட்டியாச்சு கேட்டேளா. மொத தடவ நீங்க ஆடிட்டுக்குச் சென்னை போயிருந்தேள். ரெண்டாம் தடவ வீட்டுலதான் இருந்தேள், பேப்பர் வாசிச்சுக்கிட்டு. மெக்கானிக் ராஜமணி பின்வாசல் வழியா கழத்திட்டுப் போயி, சாயங்காலம் கொண்டாந்து மாட்டிட்டுப் போனான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல்ல?"

"இந்தா, இதுதான். 'ஏன்'." விரலை நீட்டினாள். "சொன்னா நீங்க மோட்டாரப் பாக்கமாட்டேள். யாரு சுவிட்ச அணைக்க மறந்தான்னு விசாரிப்பேள். விசாரணை முடியறதுக்குள்ள தொட்டி காஞ்சிரும். எனக்குத் தண்ணி வேணும்."

கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கதவருகே நின்று, "ராஜமணி நம்பரு அடுக்களச் செவத்துல எழுதியிருக்கு. உங்களுக்கு அது என்ன நம்பருன்னே தெரியாதுல்லா?" என்றாள்.

தெரியாது. அது எரிவாயு முகவரின் எண் என்று இத்தனை நாளும் எண்ணியிருந்தேன்.

பத்தொன்பது அளவுகோல்களையும் இன்று மறுபடி படித்தேன். கருவி என்ன காண வேண்டும் என்பதற்குப் பதினெட்டு. அறிக்கை எந்த வடிவில் வர வேண்டும் என்பதற்கு ஒன்று. கண்டதை மனிதர்கள் வாய்விட்டுச் சொல்வார்களா என்பதற்கு ஒன்றுகூட இல்லை.

நவம்பர் 17, திங்கள்

கூட்டம். இம்முறை எழுந்து நின்றவன் நான். நீட்டிச் சொல்லவில்லை. ஏழாவது விதி இன்றுடன் நீக்கப்படுகிறது. புதிய ஏழாவது விதி பின்வருமாறு என்று படித்தேன்: தடங்கலைக் கண்டவர் உடனே எல்லோரும் கேட்கும்படி சொல்ல வேண்டும். கேட்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, 'என்ன செய்யலாம்?' 'ஏன்?' என்பதைத் தளம் எழுந்து நின்ற பிறகே கேட்கலாம். அப்போதும் பெயர் சுட்டாமல்.

ஜெர்லின்தான் முதலில் பேசினார்.

"சார், இது புது ரூலா, இல்ல பழைய ரூலுக்குப் புதுச் சட்டையா?"

"போட்டுப் பாருங்க. பிடிக்கலன்னா கழத்திடலாம்."

பிறகு விபினிடம், அன்று நான் நடந்துகொண்ட முறை தவறு என்று சொன்னேன். அவர், "செரி சார், செரி சார்," என்று மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார்.

கூட்டக் குறிப்பின் முதல் வரியைத் திருத்தினேன். தடங்கல்: ஆறு. 

நவம்பர் 19, புதன்

முற்பகலில் மூலையிலிருந்து ஒரு குரல். "தொங்கிட்டு!" விபின். சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டதுபோல் என்னைப் பார்த்தார். அறை முழுவதும் என்னைப் பார்த்தது.

என் வாய்க்குள் 'ஏ' வரை வந்துவிட்டது. அதை ஒரு கொட்டாவியாக மாற்றினேன்.

"ஏ... என்ன செய்யலாம்?"

"சார், கொட்டாவி நல்லா வந்துச்சு," என்றார் அஸ்லம்.

இம்முறை எவரும் சாயாக் கடைக்கு ஓடவில்லை. உடனே தட்டி எழுப்பவும் வேண்டாம், விழுந்து கிடக்கும்போதே மாமியார் என்ன சொல்கிறது என்று பார்ப்போம் என்றார் ஜெர்லின். இதுவரை எழுப்புகிற அவசரத்தில் எவருக்கும் நோயைப் பார்க்க நேரமே இருந்ததில்லை. நால்வரும் ஒரே திரையில் குனிந்தோம். இருக்கைப் படம் காட்டும் பக்கத்தில் மாமியாரின் சிவப்புக் கோடு நின்றது. ஒரு பேருந்தில் நாற்பது இருக்கைகள். 'காலியா?' என்று தரவுத்தளத்தை ஒரே கேள்வியில் கேட்க வேண்டிய பக்கம், ஒவ்வோர் இருக்கைக்கும் தனித்தனியாக நாற்பது முறை கேட்டுக்கொண்டிருக்கிறது. கூட்டம் கூடினால் கேள்விகளே தரவுத்தளத்தை மூச்சுத் திணற வைத்துவிடுகின்றன.

"நாப்பது தடவயா? எந்த ஆளு எழுதினான் இத?" என்று கேட்ட அஸ்லம், நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாரி. ரூல் ஏழு."

"நான்தான்," என்றார் ஜெர்லின், நிதானமாக. "ரெண்டு வருசத்துக்கு முன்ன. அப்பம் மூணு பஸ்ஸுதான் இருந்துச்சு. இப்பம் மாத்துகேன்."

செப்டம்பரில் விபின் நாற்பது நிமிடங்கள் நின்றபோதும் வெளிவராத காரணம் இது. அதை இங்கே எழுதி வைக்கிறேன். அதற்குமேல் ஒன்றும் எழுதவில்லை.

நவம்பர் 21, வெள்ளி

இறுதி மதிப்பீடு. பொய்யெச்சரிக்கைக்காகக் குறைத்த மதிப்பெண்களை மூன்றுக்கும் திருப்பிக் கொடுத்தேன். அவை பொய் சொல்லவில்லை. இருபதாவதாக ஓர் அளவுகோலைச் சேர்த்து, அதற்கே மிகுந்த எடையும் தந்தேன்: எச்சரிக்கை ஒரே நொடியில் எல்லோருக்கும் போகிறதா; அதில் எவர் பெயரும் இல்லாமல் இருக்கிறதா.

வாட்ச்மேன் நல்லவர், மலிவானவர். ஆனால் ஒருமுறை தட்டிவிட்டு அடுத்த முறை தட்டுவதற்குள் தளம் விழுந்து எழுந்துவிடும். முகப்பு திறக்கிறதா என்று மட்டுமே பார்ப்பார். உள்ளே சீட்டு கிடைக்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. மாப்பிள்ளையும் ஏறக்குறைய அப்படியே, உடை மட்டும் வேறு. மாமியார் வென்றது.

ஒரு குறை இருந்தது. அற்பக் காரணங்களுக்கெல்லாம் அழைத்துக்கொண்டே இருந்தால், மூன்றாம் நாள் எவரும் காது கொடுக்கமாட்டார்கள். எனவே எதற்கு அழைக்கலாம், எதைக் குறித்து மட்டும் வைக்கலாம் என்று இன்று முழுவதும் உட்கார்ந்து வகுத்தோம். பயணியைப் பாதிப்பதற்கு மட்டும் அழைப்பு. மற்றவை காலை அறிக்கையில். குழுவினர் இதற்கு இட்ட பெயர், மாமியாரைத் தனிக்குடித்தனம் வைத்தல்.

அண்ணாச்சியைத் தொலைபேசியில் அழைத்துத் தெரிவித்தேன். செப்டம்பர் முதல் நேர்ந்த தடங்கல்கள் எல்லாவற்றையும் சொன்னேன்; அவற்றை நானே அறியாதிருந்தேன் என்பதையும் சொன்னேன். 

"இதையும் நீராச் சொல்லுதீரு," என்றார். "செரி. இருபத்தெட்டு பாப்போம்."

நவம்பர் 24, திங்கள்

தடங்கல்: ஒன்று. விபின் அதைச் சொல்லும்போது அறையில் சிறிய கைதட்டல். நான் தடுக்கவில்லை.

நவம்பர் 27, வியாழன்

பகவதி தன் அண்ணன் பேத்தியின் காதுகுத்துக்காக வள்ளியூர் சென்றிருக்கிறாள். சனிக்கிழமை காலை திரும்புவாள். போகும்போது, "மோட்டார் பாத்துக்கிடுங்கோ," என்றாள். பார்த்துக்கொள்வேன் என்றேன்.

ஜெர்லின் திருத்தம் முடித்துவிட்டார். செயற்கையாகக் கூட்டம் கூட்டிச் சோதித்தோம். தளம் விழாமல் நின்றது. நாளை ஒன்பது மணிக்குத் திறப்பு.

நவம்பர் 28, வெள்ளி

விடியற்காலையிலேயே எழுந்து, தண்ணீர் ஏற்றிவிட்டு, அலுவலகம் சென்றேன். ஆறு பேரும் வந்துவிட்டிருந்தார்கள். ஜெர்லின் தன் தந்தைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, நனைந்த துப்பட்டாவோடு வந்திருந்தார்.

ஒன்பது மணி. கூட்டம் கரைபுரண்டு வந்தது. இருக்கைப் பக்கம் தடுமாறவில்லை. சென்னை, பெங்களூரு, கோயம்புத்தூர் என்று இருக்கைகள் நிறைந்துகொண்டே போயின. அஸ்லம் மூச்சை விட்டார். அப்போது ஆறு தொலைபேசிகளும் ஒருசேர ஒலித்தன.

"சார்," என்று உரக்கச் சொன்னார் ஜெர்லின், "பணம் போகுது, டிக்கெட்டு வரல்ல. பணம் வாங்குற பாங்க் பக்கத்துலேர்ந்து பதிலு வரல்ல."

ஏன் என்று கேட்க ஆயிரம் காரணங்கள் இருந்தன.

"என்ன செய்யலாம்?"

"புதுசா வாறவங்கள வரிசையில நிப்பாட்டுகேன். பணம் கட்டுறத ரெண்டாவது வழிக்கு மாத்துகேன். ஏற்கெனவே கட்டினவங்களுக்கு விபின் கையால டிக்கெட்டு உறுதி பண்ணட்டும். பத்து நிமிசம் குடுங்க."

"எடுத்துக்கிடுங்க."

அண்ணாச்சியின் எண் என் திரையில் இருந்தது. முழுக் காரணம் தெரியாமல் எவருக்கும் அறிக்கை கொடுத்த வழக்கம் எனக்கில்லை. இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்தால் தெளிவாகச் சொல்லலாம். ஒருவேளை அதற்குள் சரியாகி, சொல்லவே வேண்டாமல் போகலாம். இவ்வாறெல்லாம் எண்ணினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஜெர்லின் தட்டச்சு செய்தபடியே தலையைத் திருப்பாமல் சொன்னார்:

"சார், சாயா குடிக்கப் போகாதீங்க."

அழைத்தேன்.

"என்ன சார்வாள்? இங்க எல்லாம் ஜோரா ஓடுதே."

"இன்னும் கொஞ்ச நேரத்துல தெரிய ஆரம்பிக்கும், அண்ணாச்சி. பணம் கட்டுறவங்களுக்கு டிக்கெட் வரல்ல. முழுக் காரணம் எனக்கு இன்னும் தெரியாது. வேற வழிக்கு மாத்திக்கிட்டிருக்கோம். பத்து நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்க. கட்டின பணம் யாருக்கும் போகாது."

அவருடைய முன்பதிவு நிலையத்தின் இரைச்சல் கேட்டது. பின்னர் அந்த இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு பெண்குரல்: "அண்ணாச்சி! பணம் போயிட்டு, டிக்கெட்டு வரல்ல!"

தொலைபேசியை வாயிலிருந்து விலக்கி அவர் சொன்னதும் எனக்குக் கேட்டது.

"எனக்குத் தெரியும்லா, தாயி. பத்து நிமிசம் அப்படி இரி. எங்க ஆள்க அப்பமே சொல்லியாச்சு."

எங்க ஆள்க.

எட்டு நிமிடங்களில் சீட்டுகள் வரத் தொடங்கின. மாமியார் மறுபடி அழைத்து, எல்லாம் சரி என்றது. விபின் மேசையில் இருமுறை ஓங்கிக் குத்தினார். அஸ்லம் ஆறு சாயா சொல்லி அனுப்பினார். தன்னுடையதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். இரண்டு மாதத்தில் முதல் முழுச் சாயா என்றார்.

பிற்பகலில் அண்ணாச்சி அழைத்தார். "மெட்ராஸ்காரன வேற சோலி பாக்கச் சொல்லிட்டேன். வாசல்ல நின்னு நின்னு அவனுக்கும் காலு வலிக்கும்." குழுவினரிடம் சொன்னேன். ஜெர்லின் உடனே தன் தந்தையை அழைத்தார். "அப்பா, நான் இங்கனதான் இருப்பேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, தொலைபேசியை அஸ்லமிடம் கொடுத்துவிட்டார்.

கிளம்பும்போது கேட்டேன். "அந்த ஐ.எஸ்.ஐ..."

"முத்திர சார்," என்றார் ஜெர்லின், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "தரத்துக்கு."

"அந்தக் குரூப்ல எனக்கு இடம் உண்டா?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்தனர். "அது வேண்டாம் சார்," என்றார் விபின். "உங்களப் பத்திப் பேச எங்களுக்கும் ஒரு இடம் வேணும்லா." நியாயமான வாதம். ஏற்றுக்கொண்டேன்.

இருட்டுமுன் வீடு திரும்பினேன். வாசலிலேயே எரிந்த வாடை. முற்றமெல்லாம் தண்ணீர். காலையில் போட்ட மோட்டாரை நான் அணைக்கவில்லை. மேல்தொட்டி நிரம்பி வழிந்து, கீழ்த்தொட்டி வற்றி, வெற்றோட்டமாக ஓடிக் காயில் கருகிப் போயிருக்கிறது. வீட்டில் என்னைத் தவிர எவரும் இல்லாததால் விசாரணைக்கு அவசியம் எழவில்லை.

அடுக்களைச் சுவரில் ராஜமணியின் எண் இருக்கிறது. இப்போதே அழைத்தால் வந்து கழற்றிச் செல்வார். பகவதி வருமுன் புதுக் காயிலோடு மாட்டியும் விடுவார். ஏழு ஆண்டுகள் ஒரு பழுதும் இல்லாத மோட்டார் அப்படியே இருக்கும்.

ராஜமணியை இரண்டாவதாக அழைப்பேன். முதலில் வள்ளியூருக்கு அழைத்து, மோட்டாரை எரித்தவன் நான் என்று பகவதியிடம் சொல்லப் போகிறேன். அவள் 'ஏன்?' என்று கேட்டால், கேட்கட்டும். நின்றுகொண்டே விடை சொல்வேன்.